எக்ஸ்ரேயை இயந்திரம் படித்த பிறகு

1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமங்களில் பிசிஜி தடுப்பூசியைச் சோதிக்கும் பெரிய ஆய்வு ஒன்று தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் சேர்க்கப்பட்டார்கள். பத்து வயது நிறைந்த எல்லோருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. ஒவ்வொரு படத்தையும் இருவர் தனித்தனியே பார்த்தார்கள். இருவர் கருத்தும் மாறுபட்டால் மூன்றாமவர் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் இடையே வேறுபாடு காணோம் என்ற முடிவு மருத்துவ உலகத்தைத் திடுக்கிட வைத்தது. 15 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்து 1999இல் வெளியிட்டபோதும் அதே விடைதான்.

அந்த முடிவைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. ஒரே படத்தை ஏன் இருவர் பார்த்தார்கள் என்பதை அதிகம் பேர் கேட்பதில்லை. 1940களில் அமெரிக்காவில் யெருஷால்மி என்ற புள்ளியியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் நெஞ்சுப் படத்தைப் பெரிய ஃபிலிமில் எடுப்பது நல்லதா, சிறிய ஃபிலிம் போதுமா என்று ஒப்பிடப் புறப்பட்டார்கள். ஃபிலிமின் அளவால் வந்த வேறுபாட்டைவிட, பார்ப்பவர்களிடையே இருந்த வேறுபாடு பெரிதாக இருந்தது. நோய்க்குறி உள்ள படங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் ஒரு மருத்துவரின் முடிவோடு இன்னொருவரின் முடிவு ஒத்துப்போகவில்லை. அதே படத்தைச் சில காலம் கழித்து அதே மருத்துவரிடம் கொடுத்தபோது ஐந்தில் ஒன்றில் அவரே தம் பழைய முடிவை மாற்றிக்கொண்டார். 1947இல் இது வெளிவந்த பிறகு, பெரிய அளவிலான எக்ஸ்ரே ஆய்வுகளில் ஒற்றைக் கண்ணை நம்பக்கூடாது என்ற எண்ணம் வலுப்பட்டது.

இன்று அந்த இருவரின் வேலையை ஒரு மென்பொருள் செய்கிறது. காசநோய்க்கான பரிசோதனையில், 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் நெஞ்சு எக்ஸ்ரேயை மனிதருக்குப் பதிலாக இந்த மென்பொருளே படிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021 மார்ச்சில் பரிந்துரைத்தது. மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவு என்றால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பேசிவிடும் வழக்கம் இருக்கிறது. நான் இந்த ஒரு பயன்பாட்டை மட்டும், ஒரு வட்டாரத்தை மனத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

முருகன் கோயிலால் பெயர் பெற்ற வல்லக்கோட்டை, அந்தப் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த ஊர். இப்போது காஞ்சிபுரம் மாவட்டம். ஒரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர், மறுபக்கம் ஒரகடம். கிருத்திகைக்கு வரும் கூட்டம் போக, மற்ற நாள்களில் இந்தச் சாலையில் ஓடுவது பெரும்பாலும் கம்பெனி பஸ்களும் டிரெய்லர்களும்தான். அருகே வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய விடுதி 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டது. ஒரகடத்தில் 350 ஏக்கரில் மருத்துவக் கருவிப் பூங்கா ஒன்று அமைகிறது. மத்திய அரசு நிதி கொடுக்கத் தேர்ந்தெடுத்த நான்கு மாநிலங்களில் தமிழ்நாடு ஒன்று. மற்றவை இமாசலம், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம். கருவி செய்யும் இடமும், அந்தக் கருவி யாருடைய நெஞ்சைப் படம் எடுக்குமோ அவர்கள் தூங்கும் இடமும் ஒரே சிப்காட் வட்டாரத்துக்குள் வந்துவிட்டன.

அந்த மென்பொருள் என்ன செய்கிறது? நோய் உண்டு, இல்லை என்று அது சொல்வதில்லை. ஏற்கெனவே விடை தெரிந்த ஏராளமான படங்களைக் காட்டிப் பழக்கப்படுத்திய கணக்கு அது. புதிய படத்தைக் கொடுத்தால் ஒரு மதிப்பெண் போடும், பெரும்பாலும் 0 முதல் 100 வரை. படத்தில் காசநோயை ஒத்த மாற்றம் எவ்வளவு தெரிகிறது என்பதே அந்த எண். எந்த மதிப்பெண்ணுக்கு மேல் இருந்தால் சளிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பதை அந்த மென்பொருள் முடிவு செய்வதில்லை. அதைத் திட்டத்தை நடத்துகிறவர்தான் வகுக்க வேண்டும். ஒரே நிறுவனத்தின் மென்பொருளில் பதிப்பு மாறினால்கூட அந்த எல்லைக்கோட்டை மறுபடி வகுக்க வேண்டியிருக்கிறது. பழைய பதிப்பில் 60 என்று வைத்த கோடு புதிய பதிப்பில் அதே பொருளைத் தராது.

படிக்கும் திறனைப் பற்றி இனிச் சந்தேகப்பட அதிகம் இல்லை. டாக்காவில் மூன்று மையங்களுக்கு வந்த 23,954 பேரின் படங்களில் ஐந்து நிறுவனங்களின் மென்பொருள்களை ஒப்பிட்ட ஆய்வு 2021இல் வெளியானது. ஐந்துமே அங்குள்ள அனுபவமிக்க கதிரியக்க மருத்துவர்களைவிட நன்றாகப் படித்தன. நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேரைத் தவறவிடாமலே, செலவு பிடிக்கும் மூலக்கூறு சளிப் பரிசோதனையைப் பாதியாகக் குறைக்க முடிந்தது. கூடவே ஒரு குறையும் வெளிப்பட்டது: வயதானவர்களிடத்திலும், முன்பு காசநோய் வந்து போனவர்களிடத்திலும் ஐந்தின் திறனும் குறைந்தது. ஆறிப்போன வடுவைப் புதிய புண்ணிலிருந்து பிரித்தறிவது மனிதக் கண்ணுக்கும் கடினம்தான். பொதுவாக 20களில் இருக்கும் தொழிற்பேட்டைப் பெண்களிடம் அது நன்றாகவே வேலை செய்யும் என்று எதிர்பார்க்கலாம்.

தமிழ்நாட்டிலேயே இதற்கு இன்னொரு சான்று இருக்கிறது, ஆனால் அது நெஞ்சில் அல்ல, கண்ணில். சர்க்கரை நோயால் விழித்திரை பழுதாவதைப் படத்திலிருந்து கண்டுபிடிக்கும் கூகுளின் மென்பொருள் பற்றிய கட்டுரை 2016இல் ஜாமா இதழில் வந்தது. பழக்கப்படுத்த 1,28,175 படங்கள் பயன்பட்டன. அமெரிக்கப் படங்களோடு மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா ஆகியவற்றின் படங்களும் அதில் இருந்தன. அங்கும் ஒவ்வொரு படத்தையும் பல கண் மருத்துவர்கள் பார்த்து மதிப்பிட்டார்கள். யெருஷால்மி கண்ட அதே பிணக்கு அவர்களுக்குள்ளும் இருந்தது. 2019இல் அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் நேரடியாகச் சோதித்தபோது, மனிதர்கள் படிப்பதற்கு இணையாகவோ மேலாகவோ அது படித்தது. 2025இல் வந்த கட்டுரை இன்னும் முக்கியமானது. தமிழ்நாட்டில் 45 இடங்களில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கண்ணை இந்த மென்பொருள் பார்த்த பிறகு, அவர்களில் ஒரு பகுதியினரின் படங்களை எடுத்து மருத்துவர்களிடம் கொடுத்து மறுபடி சரிபார்த்தார்கள். தீவிர நிலை நோயை 97 விழுக்காடு சரியாகப் பிடித்திருந்தது. ஆய்வுக்கூடத்தில் ஜொலித்துவிட்டு வெளியே வந்ததும் மங்கும் கருவிகள் எத்தனையோ உண்டு. அந்த வரிசையில் இது சேரவில்லை.

இதே மென்பொருளைத் தாய்லாந்தில் 11 ஆரம்ப மருத்துவமனைகளில் வைத்துப் பார்த்த கதை வேறு. அங்குள்ள நர்சுகளோடு இருந்து கவனித்து 2020இல் எழுதப்பட்ட ஆய்வு அது. எடுத்த படங்களில் ஐந்தில் ஒன்றை, தெளிவு போதாது என்று மென்பொருள் திருப்பி அனுப்பியது. அறையை இருட்டாக்க வசதியில்லை, இணைய வேகம் போதவில்லை. படம் சரியில்லை என்ற ஒரே காரணத்துக்காக, நோய் இருக்கிறதா என்றே தெரியாத ஒருவரைத் தொலைவில் உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொல்ல வேண்டி வந்தது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவர் போவாரா என்பது மென்பொருளின் துல்லியக் கணக்கில் எங்கும் வராது.

இந்தக் கூலிக் கணக்கை வல்லம் வடகாலுக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். இந்தியா முழுவதும் 2019 முதல் 2021 வரை நடந்த காசநோய்க் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்ட ஒரு லட்சம் பேரில் 316 பேருக்கு நுரையீரல் காசநோய் உறுதியானது. எக்ஸ்ரே எடுக்காமல் இருமல், காய்ச்சல் உண்டா என்று மட்டும் கேட்டிருந்தால் அவர்களில் 43 விழுக்காட்டினர் தப்பியிருப்பார்கள். அறிகுறி இல்லாதவர்களையும் படம் எடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான வாதம் வேண்டாம். 2024 டிசம்பரில் தொடங்கிய நூறு நாள் இயக்கத்தில் கையடக்க எக்ஸ்ரே கருவிகளும் செயற்கை நுண்ணறிவும் ஊர் ஊராகப் போனதற்கு இதுவே அடிப்படை.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. பத்தாயிரம் பேர் தங்கும் இடத்தில் எல்லோருக்கும் படம் எடுக்கிறோம். தேசிய விகிதப்படி 32 பேருக்கு நோய் இருக்கும். முதல்கட்ட வடிகட்டலுக்கான கருவி, நோயுள்ள 100 பேரில் 90 பேரையாவது பிடிக்க வேண்டும், நோயில்லாத 100 பேரில் 70 பேரையாவது சரியாக விலக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவுகோல். அந்த அளவில் 29 பேர் பிடிபடுவார்கள், 3 பேர் தப்புவார்கள். கூடவே நோயே இல்லாத ஏறத்தாழ 2,990 பேர் சந்தேகப் பட்டியலில் ஏறுவார்கள். இளம் பெண்களிடம் நோய் தேசிய சராசரியைவிடக் குறைவாகவே இருக்கும். லட்சத்துக்கு நூறு என்று வைத்துக்கொண்டால், பிடிபடுவோர் 29இலிருந்து 9 ஆகக் குறைவார்கள்; ஆனால் வீணாகப் பட்டியலில் ஏறும் மூவாயிரம் பேர் அப்படியே இருப்பார்கள். எல்லைக்கோட்டை உயர்த்தினால் அந்த மூவாயிரம் ஐநூறாகலாம்; அப்போது நோயுள்ளவர்களில் சிலர் கூடுதலாகத் தப்புவார்கள்.

ஆய்வுக் கட்டுரைகளில் இந்தக் கோட்டைத் தீர்மானிப்பது சளிப் பரிசோதனைக் கருவியின் செலவும், தப்பிப்போகும் நோயாளிகளின் எண்ணிக்கையும். ஒரு கிராமத்தில் அது போதும். வீணாகப் பட்டியலில் ஏறிய கிராமத்தவர் மறுநாள் சளி கொடுத்துவிட்டு, இல்லை என்று தெரிந்ததும் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். தொழிற்பேட்டையில் அப்படி இல்லை. லைனில் நிற்கும் ஒருத்தியின் பெயர் பட்டியலில் வந்தால், முடிவு தெரியும்வரை ஷிப்டுக்கு வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லக்கூடும். அந்த நாள்களுக்குச் சம்பளப் பிடித்தம் உண்டா? அறையில் உடன் தங்கும் பெண்கள் என்ன நினைப்பார்கள்? ஊருக்குத் தகவல் போனால் வீட்டில் என்ன சொல்வார்கள்? மூவாயிரம் பேரில் எத்தனை பேருக்கு இது நேரும் என்பதையும் சேர்த்துத்தான் கோட்டை வகுக்க வேண்டும். அப்படி வகுத்த ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை.

நோய் உறுதியானால் சட்டம் என்ன சொல்கிறது? இங்கேதான் ஒரே மதிப்பெண்ணுக்கு வேறு வேறு பொருள் வந்துவிடுகிறது. காசநோய் 2012 முதல் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோய். தெரிவிக்க வேண்டியது அரசுக்கு, முதலாளிக்கு அல்ல. இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் காசநோய்க்கு நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பயன் உண்டு: சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டு ஆண்டு வரை. நோய்க்காலப் பயன் பெறும் தொழிலாளியை வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று 1948ஆம் ஆண்டுச் சட்டமே 73ஆம் பிரிவில் எழுதி வைத்தது. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் அந்த நீட்டிக்கப்பட்ட பயனுக்கு இரண்டு ஆண்டு தொடர்ந்து காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் மாறிக்கொண்டே இருக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு அது எளிதல்ல. 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி சேர்க்கப்பட்ட ஆப்பிரண்டிஸ் என்றால் அவர் தொழிலாளியே அல்ல, பயிலுநர், இ.எஸ்.ஐ.க்குள்ளேயே வரமாட்டார். ஒரே லைனில், ஒரே நிறச் சீருடையில் மூன்று பேர் நிற்கிறார்கள். மூவருக்கும் 78 என்று மதிப்பெண் வருகிறது. ஒருவருக்கு அது சம்பளத்தோடு ஓய்வும் மருந்தும். இன்னொருவருக்குச் சில வாரச் சம்பளம். மூன்றாமவருக்கு ஊருக்குத் திரும்பும் ரயில் டிக்கெட்டாகவே முடியலாம்.

இந்தக் கருவிகளை உரிமம் கொடுத்து ஒழுங்குபடுத்தும் முறை இதை எதையும் கேட்பதில்லை. கேட்க வேண்டியதும் அதன் வேலையல்ல. நோயறியப் பயன்படும் மென்பொருளும் மருத்துவக் கருவியே என்று 2020 பிப்ரவரி அறிவிக்கை சொல்லிவிட்டது. 2017ஆம் ஆண்டு விதிகளின்படி ஆபத்தின் அளவைப் பார்த்து நான்கு வகுப்புகளில் ஒன்றில் அது வைக்கப்படும். ஒரகடம் பூங்காவில் தயாராகும் எக்ஸ்ரே கருவிக்குள் அப்படி ஒரு மென்பொருள் இருந்தால், அது சரியாகப் படிக்கிறதா என்பதைத்தான் அதிகாரி பார்ப்பார். மதிப்பெண் யாருடைய கணினியில் போய் இறங்குகிறது என்பது வேறு சட்டத்தின் விஷயம்.

அந்த வேறு சட்டம் 2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். உடல்நலத் தகவலுக்கென்று தனித் தகுதி எதையும் இந்தச் சட்டம் கொடுக்கவில்லை; செல்போன் எண்ணும் எக்ஸ்ரே மதிப்பெண்ணும் அதற்கு ஒரே வகைத் தகவல். அதன் ஏழாம் பிரிவு, வேலை தொடர்பான நோக்கத்துக்காகவும் முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்காகவும் ஒப்புதல் இல்லாமலே தரவைக் கையாளலாம் என்று வழி விடுகிறது. காசநோய் மதிப்பெண் இதற்குள் அடங்குமா என்று நீதிமன்றம்தான் ஒருநாள் சொல்ல வேண்டும். அதுவரை நிறுவனத்தின் மனிதவளத் துறை தனக்குச் சாதகமாகவே படிக்கும் என்று நான் எண்ணுகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023 மார்ச்சில் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவு நெறிமுறைகள் ஒப்புதலையும் அந்தரங்கத்தையும் நன்றாகவே வலியுறுத்துகின்றன. ஆனால் அவை நெறிமுறைகள். ஷிப்டு தொடங்கும் முன் வரிசையில் நிற்க வைத்து, கையெழுத்துப் போடு என்று நீட்டும் காகிதத்தை ஒப்புதல் என்று எண்ணுவதா என்பதை ஆலைக்குள் நின்று யாரும் கேட்கப்போவதில்லை.

இதற்கிடையில் தமிழ்நாட்டில் காசநோய் இறப்பைக் குறைக்க நடந்த வேலை எதிர்த் திசையிலிருந்து வந்தது. சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் மாநில அரசும் சேர்ந்து 2022இல் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தொடங்கின. காசநோயால் இறப்பவர்களில் பெரும்பகுதியினர் நோய் கண்ட முதல் இரண்டு மாதங்களுக்குள் இறக்கிறார்கள். யார் அப்படி இறக்கக்கூடும் என்று முதல் நாளே அறிய அவர்கள் எடுத்துக்கொண்டவை ஐந்தே விஷயங்கள்: உயரத்துக்கேற்ற எடை, காலில் வீக்கம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பது. எடைக் குறியீடு 14 அல்லது அதற்குக் கீழே, மூச்சு 24க்கு மேல், ஆக்சிஜன் 94க்குக் கீழே என்று கோடுகள் வகுத்தார்கள். கோட்டைத் தாண்டியவர்களை உடனே மருத்துவமனையில் சேர்த்தார்கள். பல மாவட்டங்களில் தொடக்ககால இறப்பு குறைந்தது. 2025இல் இந்த ஐந்தையும் வைத்து ஒருவர் இறக்கும் வாய்ப்பை விழுக்காட்டில் சொல்லும் கணக்கையும் திட்டத்தின் செயலியில் சேர்த்தார்கள். அதை உருவாக்கப் பயன்பட்டது 2022–23இல் நோய் கண்ட ஏறத்தாழ 56,000 தமிழ்நாட்டு நோயாளிகளின் பதிவு. உள்ளே ஆழ்கற்றல் எதுவும் இல்லை. பழகிய புள்ளியியல்தான்.

செயற்கை நுண்ணறிவு வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தத் திட்டம் கோட்டை வகுத்த கையோடு, கோட்டைத் தாண்டியவருக்கு என்ன நடக்க வேண்டும் என்பதையும் வகுத்தது: எந்த மருத்துவமனை, எத்தனை நாளில் படுக்கை, யார் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் அதன் வெற்றியை இறப்பு எண்ணிக்கையால் அளக்க முடிந்தது. எக்ஸ்ரே மென்பொருள்களின் வெற்றியை இன்னும் படிக்கும் திறனால்தான் அளக்கிறோம்.

தொழிற்பேட்டைக்குத் திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் 2024இல் தொழிலாளரைத் தேடியும் ஆலைகளுக்குள் வந்தது. அதன் கவனம் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற தொற்றா நோய்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், 40 வயதுக்கு மேற்பட்டோருக்கு ஆண்டுக்கொருமுறை இலவச உடல் பரிசோதனை உண்டு என்று அரசு அறிவித்தது. வல்லம் வடகால் விடுதியில் அந்த வயதுக்காரர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இங்கே நடக்க வேண்டிய ஆய்வு என்று எனக்குத் தோன்றுவது இதுதான். எக்ஸ்ரே வண்டி ஆலையின் சார்பில் வரக்கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் சார்பில், விடுதிக்கோ வாரச்சந்தைக்கோ வர வேண்டும். மதிப்பெண் அரசின் காசநோய்ப் பதிவேடான நிக்‌ஷய்க்கும் அந்த நபரின் செல்போனுக்கும் மட்டும் போக வேண்டும், அவருடைய மொழியில். ஒடியாவும் இந்தியும் அதில் அடக்கம். எல்லைக்கோட்டை இரண்டு மூன்று இடங்களில் வைத்துப் பார்த்து, ஒவ்வொரு கோட்டுக்கும் சளி கொடுக்க வந்தவர்கள் எத்தனை பேர், இழந்த ஷிப்டுகள் எத்தனை என்று எண்ண வேண்டும். நோய் உறுதியானவர்களை ஆறு மாதம் தொடர வேண்டும்: மருந்தை முடித்தார்களா, வேலையில் இருக்கிறார்களா, இ.எஸ்.ஐ. பணம் கைக்கு வந்ததா. நிரந்தரத் தொழிலாளி, கான்ட்ராக்ட், ஆப்பிரண்டிஸ் என்று மூன்று பத்திகளில் அந்த விடைகளைத் தனித்தனியே அச்சிட வேண்டும். செங்கல்பட்டு ஆய்வு போட்ட ஊசியால் பலனில்லை என்ற விடையைக்கூட மறைக்காமல் வெளியிட்ட வட்டாரம் இது. மூன்றாவது பத்தியில் என்ன எண் வந்தாலும் அதையும் வெளியிடலாம்.